பண்டிகை முத்திரை சொல்லும் சேதி



தீபாவளி நெருங்கினால் தோட்டத்தில் முற்பணப் பேச்சு எழும்பும். முன்பெல்லாம் அதோடு சேர்த்து இன்னொரு வேலையும் நடக்கும். கொழும்பில் கடையில் நிற்கிற மகனுக்கு, தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குப் போய்விட்ட சித்தப்பா குடும்பத்துக்கு, வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிற மகளுக்கு என்று வாழ்த்து அட்டை வாங்கி, முத்திரை ஒட்டி அனுப்புவோம். எழுதத் தெரியாதவர்கள் படித்த பிள்ளையைப் பிடித்து எழுதிக்கொள்வார்கள். இன்றைக்குக் கைத்தொலைபேசியிலேயே வாழ்த்துச் சொல்லிவிடுகிறோம். ஆனாலும் கடிதம் என்பது இன்னும் நின்றுவிடவில்லை. வேலைக்கான கடிதம், பாடசாலைக் கடிதம், வங்கிக் கடிதம், நீதிமன்ற அழைப்பு எல்லாம் இன்றும் தபாலில்தான் வருகின்றன.

அந்த உறையின் மூலையில் ஒட்டியிருக்கிற சின்னக் காகிதத்தை நாம் யாரும் ஊன்றிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அதில் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதிலும் பண்டிகைகளுக்காக வெளியிடப்படும் முத்திரைகளில், ஒரு நாட்டில் யார் யார் வாழ்கிறார்கள், அவர்களில் யாரை அந்த நாடு தன் மக்களாக மதிக்கிறது என்ற சங்கதி அடங்கியிருக்கிறது. இந்த இதழில் அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முத்திரை எதற்கு?

முற்காலத்தில் பல நாடுகளில் கடிதத்தை வாங்குகிறவர்தான் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டும். தூரத்துக்கு ஏற்பக் கட்டணமும் கூடும். ஏழைகள் கடிதத்தைக் கையில் வாங்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தக் கஷ்டத்தைத் தீர்க்க, அனுப்புகிறவரே முன்கூட்டிப் பணம் கட்டி, கட்டியதற்கு அடையாளமாக ஒரு துண்டு ஒட்டும் முறை இங்கிலாந்தில் 1840 மே மாதம் தொடங்கியது. விக்டோரியா மகாராணியின் தலை போட்ட ஒரு பென்னி கறுப்பு முத்திரைதான் உலகத்தின் முதல் தபால் முத்திரை. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வந்தது. அதன் விலை ஆறு பென்ஸ். அதிலும் அதே மகாராணியின் தலைதான்.

அப்படி என்றால் முத்திரை வெறும் பற்றுச்சீட்டுத்தானே என்று கேட்கலாம். பற்றுச்சீட்டுத்தான். ஆனால் அரசாங்கம் தன் பெயரைப் போட்டு வெளியிடுகிற பற்றுச்சீட்டு. நாணயத்தாளைப் போலவே, அதில் என்ன படம் போடுவது என்பதை அரசாங்கமே தீர்மானிக்கிறது. முதலில் ராஜா ராணி படம் மட்டும் இருந்தது. பிறகு மலை, துறைமுகம், மிருகம், பயிர்பச்சை என்று வந்தன. அதன் பிறகுதான் மக்கள் கொண்டாடுகிற பண்டிகைகள் முத்திரையில் ஏறின. ஆகவே ஒரு பண்டிகைக்கு முத்திரை கிடைப்பது என்றால், "உங்கள் நல்ல நாள் இந்த நாட்டுக்கும் நல்ல நாள்தான்" என்று அரசாங்கம் சொல்வது போல.

கனடா நாட்டில் 1898 டிசம்பரில் வெளிவந்த இரண்டு சத முத்திரை ஒன்றில் கிறிஸ்மஸ் என்ற சொல் ஆண்டோடு அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் படமோ பண்டிகைப் படம் இல்லை. உலக வரைபடம். பிரித்தானியப் பேரரசின் கீழ் இருந்த நாடுகளை எல்லாம் சிவப்பு நிறத்தில் காட்டியிருந்தார்கள். அன்றைக்கு நம் இலங்கையும் அந்தப் பேரரசுக்குள்தான். பெயர் பண்டிகைக்கு, பெருமை பேரரசுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

தபால் கந்தோரில் பிறந்த நல்ல யோசனை

பண்டிகையையும் கடிதத்தையும் சேர்த்து ஏழைகளுக்கு உதவிய ஒருவரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். ஐரோப்பாவின் வடக்கே டென்மார்க் என்று ஒரு சின்ன நாடு இருக்கிறது. அங்கே தபால் கந்தோரில் உத்தியோகம் பார்த்தவர் ஐனார் ஹொல்போல். கிறிஸ்மஸ் காலத்தில் குவிந்து கிடக்கிற வாழ்த்து அட்டைகளைப் பார்த்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு உறையிலும் முத்திரையோடு இன்னொரு சின்ன ஒட்டுத்துண்டையும் மிகக் குறைந்த விலைக்கு விற்று ஒட்டச் சொன்னால், அந்தப் பணம் மலையாகக் குவியாதா?

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. சயரோகம் என்று நம்ம பெரியவர்கள் பயந்த அதே நோய்தான். அது பிள்ளைகளையும் விடவில்லை. ஹொல்போல் தன் யோசனையை மேலிடத்துக்குச் சொன்னார். அரசரும் சம்மதித்தார். 1904 கிறிஸ்மஸுக்கு முதல் ஒட்டுத்துண்டு வெளிவந்தது. அந்த ஒரு பருவத்திலேயே 40 இலட்சத்துக்கும் மேல் விற்றது. நோயுற்ற பிள்ளைகளுக்கு மருத்துவமனை எழும்ப அந்தப் பணம் உதவியது.

மூன்று வருஷம் கழித்து, 1907இல், அமெரிக்காவில் எமிலி பிசெல் என்ற அம்மையார் இதே வழியைப் பின்பற்றினார். அவர் ஊர்ப்பக்கம் காசநோயாளிகளைப் பராமரித்த சிறிய நிலையம் ஒன்று பணம் இல்லாமல் மூடப்படும் நிலையில் இருந்தது. தேவைப்பட்டது 300 டொலர். ஒரு துண்டு ஒரு சதம் என்று விற்றார். கிடைத்ததோ அதைப் போலப் பத்து மடங்கு!

இந்த ஒட்டுத்துண்டு தபால் முத்திரை அல்ல. அதை மட்டும் ஒட்டினால் கடிதம் போகாது. ஆனாலும் பண்டிகைக் காலத்துக் கடிதத்தில் அழகான ஒரு துண்டை ஒட்டுகிற பழக்கத்தை மக்களிடம் வளர்த்தது இதுதான். யோசித்தவர் மந்திரி அல்ல, பிரபு அல்ல. தபால் பிரித்த ஒரு சாதாரண உத்தியோகத்தர்.

ஆறு வயதுப் பிள்ளை வரைந்த முத்திரை

இங்கிலாந்து 1840இலேயே முத்திரையைக் கண்டுபிடித்த நாடு. ஆனால் அது கிறிஸ்மஸுக்கு முத்திரை போட 1966 வரை காத்திருந்தது. அந்த முதல் கிறிஸ்மஸ் முத்திரைகளை வரைந்தது பெரிய ஓவியர்கள் அல்ல. பிள்ளைகளுக்குப் போட்டி வைத்து, வந்து குவிந்த ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று ஜேம்ஸ் பெரி என்ற சிறுவன் வரைந்த பனிமனிதன். மற்றது தஸ்வீர் ஷெம்ஸா என்ற சிறுமி வரைந்த கீழ்த்திசை ராஜா. குழந்தை இயேசுவைப் பார்க்க நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்தார்களே மூன்று பேர், அவர்களில் ஒருவர். இரண்டு பிள்ளைகளுக்கும் அப்போது வயது ஆறு.

தஸ்வீரின் தகப்பனார் பாகிஸ்தானிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய ஓவியர். கடல் கடந்து வந்த ஒருவரின் மகள், அந்த நாட்டின் பெரிய பண்டிகைக்கான முதல் முத்திரையை வரைந்திருக்கிறாள். அதே 1966இல் அந்த நாட்டில் வெளிநாட்டாரை வெறுத்துப் பேசியவர்களும் இருந்தார்கள். அப்படிப் பேசியவர்களின் வீட்டுக்கும் அந்தப் பிள்ளையின் படம் ஒட்டிய வாழ்த்து அட்டை போயிருக்கும் இல்லீங்களா?

அமெரிக்காவில் நடந்தது

இனி அமெரிக்கக் கதைக்கு வருவோம். யார் கேட்டார்கள், யார் எதிர்த்தார்கள், எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் அங்கே தெளிவாகத் தெரிகிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

அமெரிக்க அரசியலமைப்பின்படி அரசாங்கம் எந்த ஒரு மதத்தையும் அரச மதமாக்கக் கூடாது. ஆனால் அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். கிறிஸ்மஸ் காலத்தில் கோடிக்கணக்கில் வாழ்த்து அட்டைகள் போகும். கிறிஸ்மஸ் முத்திரை வேண்டும் என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1962 நவம்பர் 1ஆம் திகதி முதல் கிறிஸ்மஸ் முத்திரை நாலு சத விலையில் வந்தது. கதவில் தொங்கும் பச்சிலை வளையமும் இரண்டு மெழுகுவர்த்தியும்தான் படம். இயேசுவும் இல்லை, மாதாவும் இல்லை. வம்பு வேண்டாம் என்ற எண்ணம் புரிகிறது.

முதலில் அச்சடித்தது 35 கோடி. அது போதவில்லை. இரவு பகலாக அச்சகம் ஓடி, அந்த வருஷ முடிவுக்குள் ஏறக்குறைய 100 கோடி அச்சடித்தார்கள்.

1966இல் ஒரு படி மேலே போனார்கள். ஹன்ஸ் மெம்லிங் என்ற பழைய ஓவியர் வரைந்த மாதாவும் குழந்தையும் படத்தை முத்திரையாக்கினார்கள். அதோடு சண்டை வந்துவிட்டது. "அரசாங்கம் மதப்படம் போடலாமா?" என்று வழக்குப் போட்டார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், வழக்குப் போட்ட அமைப்பில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அரசாங்கம் மதத்தில் கை வைத்தால் நாளைக்கு மதத்துக்கே கேடு என்பது அவர்கள் எண்ணம். பின்னர் தபால் துறை ஒரு நடுவழி கண்டது. பக்தி உள்ளவர்களுக்கு மாதா படம் ஒன்று, மற்றவர்களுக்குப் பனி, மரம், விளையாட்டுப் பொருள் என்று வேறொன்று. விரும்பியதை வாங்கலாம்.

1994இன் இறுதியில், அடுத்த வருஷம் மாதா முத்திரை வராது என்று தபால் துறை அறிவித்தது. உடனே பெரும் எதிர்ப்பு. அப்போது ஜனாதிபதியாக இருந்த கிளின்டனும் தலையிட்டார். சில நாட்களிலேயே முடிவை மாற்றிக்கொண்டார்கள். ஒரு சின்னத் துண்டுக் காகிதத்துக்கு நாட்டுத் தலைவர் வரை பேச்சுப் போயிருக்கிறது.

மற்றவர்களின் முறை

கிறிஸ்மஸ் முத்திரை வந்து 34 வருஷத்துக்குப் பிறகுதான் அங்கே வேறு மதத்தவரின் பண்டிகைக்கு வழி பிறந்தது. 1996 ஒக்டோபரில் யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்கு முத்திரை வந்தது. அமெரிக்காவும் இஸ்ரேலும் ஒரே படத்தைத் தத்தமது முத்திரையாகச் சேர்ந்து வெளியிட்டன. ஹனுக்காவும் ஒரு விளக்குப் பண்டிகைதான். பகைவரிடமிருந்து மீட்ட கோவிலில் விளக்கேற்ற ஒரு நாளுக்குப் போதுமான எண்ணெய்தான் இருந்ததாம். அது எட்டு நாள் எரிந்தது என்பது அவர்களின் ஐதிகம். அதனால் எட்டு நாளும் நாளுக்கொன்று கூட்டி விளக்கேற்றுவார்கள். ஒன்பதாவது விளக்கு மற்றவற்றை ஏற்றி வைக்கும் வேலைக்காரன் விளக்கு. முத்திரையில் பல நிறத்தில் வரிசையாக நிற்கும் மெழுகுவர்த்திகள் அதைத்தான் காட்டுகின்றன. கார்த்திகைக்கு லயத்து வாசலில் வரிசையாக விளக்கு வைக்கிற நமக்கு அந்தப் படத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

1997இல் குவான்சா என்ற விழாவுக்கு முத்திரை வந்தது. இது மதப் பண்டிகை அல்ல. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் சந்ததியார் தங்கள் வேரை நினைத்துக் கொண்டாட 1966இல் தொடங்கியது. டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஏழு நாள். சொந்த ஊர், சொந்தப் பெயர், சொந்தப் பாஷை எல்லாம் பறிகொடுத்த சனங்கள், "எங்களுக்கும் ஒரு விழா வேண்டும்" என்று தாங்களே உண்டாக்கிக்கொண்டதை முப்பது வருஷத்தில் நாடே ஏற்றுக்கொண்டது.

அடுத்தது முஸ்லிம்களின் பெருநாள் முத்திரை. இதற்காகப் பல வருஷம் வேலை செய்தவர்களில் முக்கியமானவர் அமினா அசில்மி என்ற அம்மையார். பள்ளிப் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். "எங்கள் பெருநாளுக்கும் ஒரு முத்திரை தாருங்கள்" என்பதுதான் அவர்கள் கேட்டது. 2001 செப்டம்பர் 1ஆம் திகதி முத்திரை வந்தது. நீல நிறத்தின் மேல் தங்க நிறத்தில் "ஈத் முபாரக்" என்று அரபு எழுத்து. முஸ்லிம்கள் வணக்கத்துக்கு உருவம் வைப்பதில்லை. அழகான எழுத்தே அவர்களுக்குச் சித்திரம். அதை எழுதியவர் மொஹமட் சக்கரியா. இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கர். பழைய முறைப்படி நாணல் பேனாவைக் கொண்டு எழுதுகிறவர்.

முத்திரை வந்து பத்தே நாளில் நியூயோர்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. அமெரிக்காவில் முஸ்லிம்கள் மேல் சந்தேகமும் கோபமும் பரவின. கொலைகாரர் செய்த குற்றத்தை ஒரு சமூகத்தின் தலையில் முழுவதுமாகச் சுமத்துகிற வேலை எல்லா நாட்டிலும் நடப்பதுதான். நாமும் அதை அனுபவித்திருக்கிறோம். அந்த முத்திரையை நிறுத்த வேண்டும் என்றும் குரல்கள் எழுந்தன. நிறுத்துவதற்கு நல்ல சாக்கும் இருந்தது. 2002இல் கடிதக் கட்டணம் 34 சதத்திலிருந்து 37 சதமாகக் கூடியது. பழைய விலை முத்திரையைச் சத்தமில்லாமல் கைவிட்டிருக்கலாம். ஆனால் தபால் துறை அப்படிச் செய்யவில்லை. அதே படத்தை 37 சத விலை போட்டு 2002 ஒக்டோபரில் மறுபடி வெளியிட்டது. பிந்திய வருஷங்களில் நிறத்தை மாற்றியும் வெளியிட்டது. நல்ல காலத்தில் ஒருவரை வாழ்த்துவது பெரிய காரியம் இல்லை. கெட்ட காலத்தில் அந்த வாழ்த்தைத் திரும்பப் பெறாமல் இருப்பதுதான் பெரிய காரியம்.

கடைசியாகத் தீபாவளி

தீபாவளிக்குப் பிந்தித்தான் வழி பிறந்தது. அமெரிக்காவில் குடியேறிய இந்திய வம்சாவளியினர் பல வருஷமாக இதைக் கேட்டு வந்தார்கள். ரஞ்சு பாத்ரா என்ற அம்மையார் முன்னின்று ஊர் ஊராகக் கையொப்பம் சேர்த்தார். கரோலின் மலோனி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இந்துவாக இல்லாவிட்டாலும் அவர்களுக்காகச் சபையில் பேசினார். தட்டிக்கழித்த பதில்கள் வந்தபோதும் அவர்கள் விடவில்லை. முடிவில் 2016 ஒக்டோபர் 5ஆம் திகதி நியூயோர்க்கில் தீபாவளி முத்திரை வெளியானது.

அதில் லட்சுமி படம் இல்லை, ராமர் படம் இல்லை, நரகாசுரனும் இல்லை. மினுங்குகிற தங்க நிறப் பின்னணியில் ஒரு மண் அகல்விளக்கு எரிகிறது. சுற்றிலும் பூவிதழ்கள். அவ்வளவுதான். இதில் ஒரு புத்தி இருக்கிறது. தீபாவளிக் கதை ஊருக்கு ஊர் மாறும். நமக்கு நரகாசுரன் கதை. வட இந்தியாவில் ராமர் அயோத்திக்குத் திரும்பிய கதை. சமணர்களுக்கு மகாவீரர் முத்தி அடைந்த நாள். சீக்கியர்களுக்கு அவர்களின் குரு சிறையிலிருந்து விடுதலையாகி வந்த நாள். எந்தக் கதையைப் போட்டாலும் மற்றவர்கள் விடுபட்டுப் போவார்கள். அகல்விளக்கைப் போட்டால் யாரும் விடுபட மாட்டார்கள்.

2017இல் கனடாவும் இந்தியாவும் சேர்ந்து தீபாவளி முத்திரை வெளியிட்டன. 2018இல் ஐக்கிய நாடுகள் சபையின் தபால் நிர்வாகமும் வெளியிட்டது. ஆனால் இவர்கள் எல்லாரையும் முந்திக்கொண்ட ஒரு சின்ன நாடு உண்டு. சிங்கப்பூர் 1971இலேயே சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்மஸ் என்று நாலு பண்டிகைக்கும் ஒரே தொகுதியாக முத்திரை போட்டது. நாலு சனமும் சேர்ந்துதான் நாடு என்பதை அன்றைக்கே அந்தத் தொகுதி காட்டிவிட்டது.

நம் நாட்டு முத்திரைகள்

நம் நாட்டில் வெசாக் காலத்தில் ஆண்டுதோறும் முத்திரை வெளிவருவது எல்லாருக்கும் தெரியும். புத்தர் வாழ்க்கை, ஜாதகக் கதைகள், பழைய விகாரைகளின் சுவர்ச் சித்திரங்கள் ஆகியவை அவற்றில் இடம்பெறும். புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 2500 ஆண்டு நிறைவைக் குறித்து 1956இல் இலங்கையும் இந்தியாவும் தனித்தனியே புத்த ஜயந்தி முத்திரைகளை வெளியிட்டன. நத்தாருக்கும் நம் தபால் திணைக்களம் முத்திரைகள் வெளியிட்டு வருகிறது. எந்த முத்திரையானாலும் நாட்டின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். "இலங்கை" என்று நம்ம எழுத்தில் அச்சடித்த துண்டு உலகம் முழுக்கப் போகிறது.

பண்டிகைக்கென்று வெளிவராவிட்டாலும் நம் வணக்கத்துக்குரிய ஓரிடம் வெகு காலத்துக்கு முன்பே முத்திரையில் ஏறிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில், 1935இல், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தலையோடு நாட்டுக் காட்சிகளை முத்திரையாகப் போட்டார்கள். அதில் மூன்று சத முத்திரையில் இருப்பது சிவனொளிபாத மலை. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறவர்கள் தினமும் பார்க்கிற மலைதான். அந்த உச்சியிலுள்ள பாத அடையாளத்தைப் பௌத்தர் புத்தருடையது என்கிறார்கள். நாம் சிவபெருமானுடையது என்கிறோம். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களில் பலரும் ஆதி மனிதர் ஆதாமை நினைக்கிறார்கள். மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை மலை ஏறுகிறவர்களில் எல்லாச் சனமும் உண்டு. ஒரே படம். அவரவர் கண்ணுக்கு அவரவர் சாமி.

அதே 1935 வரிசையில் ஒன்பது சத முத்திரை ஒன்று உண்டு. அதில் இருப்பது யார் தெரியுமா? கொழுந்து பறிக்கிற நம்ம பெண்கள்! அந்தப் படம் பல நாடுகளுக்குப் போனது. 13 வருஷம் கழித்து, 1948இல், அந்தப் பெண்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த நாட்டுப் பிரஜைகள் அல்ல என்று சட்டம் வந்தது. அந்தக் குறை முழுவதும் தீரச் சட்டம் வர 2003 வரை காலம் எடுத்தது. ஆகையால் படத்தில் ஏறுவது மட்டும் மரியாதை ஆகிவிடாது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

முத்திரையும் முகவரியும்

முத்திரை உறையின் ஒரு மூலையில் இருக்கும். நடுவில் இருப்பது முகவரி. முத்திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் முகவரி சரியில்லை என்றால் கடிதம் உரியவர் கைக்குப் போய்ச் சேராது.

அந்தக் காலத்தில் தோட்டத்துத் தபால் பையைச் சுமந்து வர ஒரு தொழிலாளி இருப்பார். மைல் கணக்கில் நடந்து, தபால் கந்தோரிலிருந்து காரியாலயத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அங்கிருந்து லயத்துக்கு எப்போது வரும் என்பது வேறு கதை. இன்றும் பல தோட்டங்களில் வீட்டுக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயரைப் போட்டு வருகிற கடிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கட்டாகக் கிடக்கின்றன. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் ஆள் மாறிப் போகும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் உண்டு. அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகிறது என்ற அறிவித்தல், நகை போன பிறகு கிடைத்த வீடுகளும் உண்டு.

இதைச் சரிசெய்யக் கேட்க வேண்டும். மேலே சொன்ன கதைகளில் எந்த முத்திரையும் தானாக வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கேட்டவர்கள் பெரிய ஆட்கள் அல்ல. பள்ளிப் பிள்ளைகள், குடியேறிய பெண்கள், தபால் கந்தோர் உத்தியோகத்தர். அவர்கள் கையில் இருந்தது கடிதமும் கையொப்பமும் பொறுமையும்தான். ஆகவே எமது ஆலோசனை இது:

முதலாவது, ஒவ்வொரு வீடும் தனித்தனியாக முறையிடுவதை விட, ஒரு டிவிஷன் முழுதும் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதுங்கள். மாதர் சங்கமோ கோவில் கமிட்டியோ இளைஞர் கழகமோ இதை முன்னின்று செய்யலாம்.

இரண்டாவது, "எங்களுக்குக் கஷ்டம்" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை லயம், எத்தனை குடும்பம், எந்தத் திகதியில் எந்தக் கடிதம் எத்தனை நாள் பிந்தியது என்று விபரமாக எழுதுங்கள். பழைய உறைகளை வீசாமல் வையுங்கள். உறையின் மேல் தபால் கந்தோர் குத்திய திகதியே உங்களுக்குச் சாட்சி.

மூன்றாவது, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். வீட்டுக்கு இலக்கம், பாதைக்குப் பெயர், தபால்காரர் நேரே கொண்டுவந்து தருவது. மூன்றையும் தனித்தனியாக எழுதினால் பதிலும் தனித்தனியாகக் கேட்கலாம்.

நாலாவது, கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் உங்கள் பகுதித் தபால் அதிபருக்கும் பிரதிகள் அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். பதில் வராவிட்டால் அந்தத் திகதியைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

முத்திரை சேர்ப்பது காசில்லாத நல்ல பழக்கம். கடைகளிலும் காரியாலயங்களிலும் வீசுகிற உறைகளைக் கேட்டு வாங்குங்கள். முத்திரையைப் பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். சுற்றிலும் கொஞ்சம் காகிதம் விட்டு வெட்டி, தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள். பசை இளகியதும் மெதுவாகக் கழற்றி, பழைய பத்திரிகைத் தாளில் கவிழ்த்து வைத்துக் காயவிட்டு, பாரமான புத்தகத்துக்குள் வையுங்கள். சில நாட்டுப் புதிய முத்திரைகள் தண்ணீரில் கழராது. அவற்றை உறைத் துண்டோடு வெட்டி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்ததை நாடு வாரியாக மட்டும் அடுக்காமல் பண்டிகை வாரியாகவும் அடுக்கிப் பாருங்கள். புது முத்திரைகளைப் பற்றி அறிய, கொழும்பில் உள்ள தபால் திணைக்களத்தின் முத்திரைப் பணியகத்துக்கு எழுதலாம். "எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தையும் மாரியம்மன் திருவிழாத் தேரையும் முத்திரையில் போடுங்கள்" என்றும் அதே கடிதத்தில் எழுதலாம். அமெரிக்காவில் பெருநாள் முத்திரை கேட்டு எழுதியவர்களும் உங்கள் வயதுப் பிள்ளைகள்தான்.

எழுதும்போது கீழே உங்கள் முகவரியை முழுதாகப் போடப் பழகுங்கள். வீட்டு இலக்கம் இல்லாவிட்டால் லய இலக்கம், டிவிஷன், தோட்டம், தபால் கந்தோர் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிற இலக்கம் ஒரு நாள் வரும். அதுவரை இந்த முகவரிக்கே பதில் வரட்டும்.